ஸ்கேனில் தெரியாத தலைக்காயத்துக்கு இழப்பீடு கேட்பது எப்படி?

கோத்தகிரி அருகே வசிக்கும் ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய கணவருக்கு வயது 38. குன்னூரில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுபவர். மூன்று மாதங்களுக்கு முன் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, இறக்கத்தில் வந்த வெளிமாநிலச் சுற்றுலாக் கார் வளைவில் மோதியது. முதலுதவி மலையில், பிறகு ஆறு நாள் கோயம்புத்தூரில். எலும்பு எதுவும் முறியவில்லை. மூளையில் சிறிய இரத்தக் கசிவு இருந்து, அது வற்றிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது எடுத்த ஸ்கேனும் நார்மல். ஆனால் மனிதர் மாறிவிட்டார்: திடீர்க் கோபம், மறதி, தூக்கமின்மை, பழகிய வழியிலேயே குழப்பம். உறவினர்கள் ‘நடிக்கிறான்’ என்கிறார்கள். கார் உரிமையாளர் தரப்பு 75,000 ரூபாய் தருகிறோம், புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்கிறது. வாங்கிக்கொள்ளலாமா, வழக்குப் போட்டால் எதைக் காட்டுவது என்பது கேள்வி.

ஊட்டி நீதிமன்றத்தில் பெரும்பாலும் விபத்து வழக்குகளையே நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணவரையும் போடவிடாதீர்கள். காருக்குக் காப்பீடு இருக்கும் பட்சத்தில், பணம் தரவேண்டியது காப்பீட்டு நிறுவனம். உரிமையாளர் உங்களைத் தேடி வருவது குற்ற வழக்கிலிருந்து தப்பிப்பதற்காக. காப்பீட்டு நிறுவனம் சமரசம் பேச விரும்பினால் அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே முறை இருக்கிறது. அந்தச் சமரசம் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் முன் பதிவாக வேண்டும். டீக்கடையில் வைத்து இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதுவது அந்த முறை இல்லை.

வழக்கைப் பேசுமுன் உடம்பைப் பேசிவிடுவோம். தலைவலி நாளுக்கு நாள் கூடுகிறதா, வாந்தி வருகிறதா, பகலில் அளவுக்கு மீறித் தூங்குகிறாரா, ஒரு பக்கக் கை கால் தளர்கிறதா என்று கவனியுங்கள். மூளை உறைக்குக் கீழே மெதுவாக இரத்தம் சேர்ந்து, அடிபட்டுப் பல வாரங்கள் கழித்து வெளிப்படுவது உண்டு; வயதானவர்களிடமும் குடிப்பழக்கம் உள்ளவர்களிடமும் இது அதிகம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், போன மாத ஸ்கேன் நார்மல் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, பிறகு அது நினைவில்லாமல் இருக்கிறாரா? அது வலிப்பின் ஒரு வடிவமாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. எடுங்கள். மருத்துவர் அனுமதி தரும்வரை அவர் வண்டியைத் தொடக் கூடாது. மது அறவே கூடாது. உயிர் வெறுத்துப் பேசினாலோ, கோபம் உங்கள் மீதோ குழந்தைகள் மீதோ கை வைக்கும் அளவுக்குப் போனாலோ, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். பொறுத்துக்கொண்டு கிடப்பது அவருக்கும் நல்லதில்லை.

ஸ்கேன் ஏன் நார்மல் என்று வருகிறது? விபத்தன்று எடுப்பது சி.டி. ஸ்கேன். உடனே அறுவை தேவைப்படும் கசிவு, வீக்கம், மண்டையோட்டு முறிவு ஆகியவற்றைக் கண்டுபிடிக்க அது சிறந்த கருவி. வேகமாக வந்த தலை சட்டென்று நிற்கும்போது மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாவதை அது பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ. கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். பழைய நுண்கசிவுகளின் தடம் தெரியும் வகையில் எடுக்கச் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அதிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். கோபத்தை அடக்குவது, வேலையைத் திட்டமிடுவது, இரண்டு காரியத்தை ஒரே நேரத்தில் கவனிப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் வேலை. அங்கே அடிபட்டவர் நன்றாக நடப்பார், பேசுவார், வந்தவர்களைச் சிரித்து வரவேற்பார். பத்து நிமிடம் பார்க்கிற உறவினருக்குக் குறை தெரியாது. கூடவே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜி.சி.எஸ். என்று ஓர் எண் இருக்கும். அடிபட்டவரின் நினைவு நிலையைக் குறிக்கும், 3 முதல் 15 வரையிலான அளவு அது. 13 முதல் 15 வரை இருந்தால் லேசான தலைக்காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழ் கடுமையானது. உங்கள் கணவருக்கு 14 என்று எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொண்டு ‘லேசான காயம்’ என்று வாதாடுவார். அந்த எண் சொல்வது முதல் சில மணி நேரத்தில் அவர் எவ்வளவு நினைவோடு இருந்தார் என்பதை மட்டுமே. லேசான தலைக்காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதங்களில் தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. தேறாத சிலரில் உங்கள் கணவர் ஒருவர் என்பதைத்தான் நாம் காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு நேரான வழி நரம்பு உளவியல் பரிசோதனை. நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன், வேகம் ஆகியவற்றைப் பல மணி நேரம் சோதித்து, அவர் வயதும் படிப்பும் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு எழுத்தில் தருவார்கள். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இதற்கென்றே வகுத்த சோதனைத் தொகுப்பு இருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள மருத்துவ உளவியலாளர்களிடமும் விசாரிக்கலாம். நடிப்பவர்களைக் கண்டுபிடிப்பதற்கான சோதனைகளும் இதோடு சேர்த்துச் செய்யப்படுவது உண்டு. ‘நடிக்கிறான்’ என்ற பேச்சுக்கு அதுவே பதிலாகும். கூடவே ஒன்று கேளுங்கள்: காபித்தூள் வாசனை அவருக்குத் தெரிகிறதா? தலைக்காயத்தில் மோப்ப நரம்பு அறுந்து வாசனை போய்விடுவது உண்டு. பலர் அதைச் சொல்வதே இல்லை. அது மருத்துவர் சோதித்துப் பதிவு செய்யக்கூடிய சேதம். குன்னூரில் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவருக்கு இப்படி நேர்ந்தால், அந்த ஒன்றே பிழைப்பைப் பறித்துவிடும்.

மலையில் நடக்கும் விபத்துகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காயம்பட்டவர் முதலில் போகும் இடம் ஒன்று, அங்கிருந்து அனுப்பப்படும் இடம் வேறு. கூடலூர்ப் பக்கமென்றால் கேரளத்துக்கோ மைசூருக்கோ போய்விடுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதப்படும். அதன் நகலை எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். குடும்பங்கள் பெரிய மருத்துவமனையின் கோப்பை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதலில் போன இடத்தின் காகிதத்தை விட்டுவிடுகின்றன. வழக்கில் முதலில் புரட்டப்படுவது அந்த முதல் காகிதம். நினைவிழந்தாரா, வாந்தி எடுத்தாரா, காதிலோ மூக்கிலோ இரத்தம் வந்ததா என்பதை அதில் பாருங்கள். அதைவிட முக்கியம், விபத்து எப்படி நடந்தது என்று எழுதியிருக்கிறார்கள் என்பது. தூக்கிக்கொண்டு வந்த புண்ணியவான் பதற்றத்தில் ‘வண்டி சறுக்கி விழுந்துவிட்டார்’ என்று சொல்லியிருப்பார், அதுவே பதிவாகியிருக்கும். காப்பீட்டு நிறுவனம் வழக்கை உடைக்க முயலும் இடம் இது. அப்படி இருந்தால் காகிதத்தைத் திருத்த ஓடாதீர்கள். அழைத்து வந்தவர் யார், அவர் மோதலை நேரில் பார்த்தாரா என்பதைக் கண்டுபிடித்து உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

காவல் நிலையத்திலிருந்து முதல் தகவல் அறிக்கை, மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காருடைய காப்பீட்டு விவரம் ஆகியவை வேண்டும். எலும்பு முறியாததால் சாதாரணக் காயம் என்று வழக்குப் பதிந்திருக்கலாம். உயிருக்கு ஆபத்தான காயமும், பதினைந்து நாள் அன்றாட வேலையைச் செய்யவிடாத காயமும் கொடுங்காயம்தான் என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு சொல்கிறது. காயச் சான்றிதழைக் காட்டிப் பிரிவை மாற்றக் கேளுங்கள். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கையை 90 நாளிலும் காவல் துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால்தான் நகரும் என்பது என் அனுபவம்.

இனி வீட்டுக்குள்ளிருந்து வரவேண்டிய சாட்சியம். இந்த மாதிரி வழக்குகளில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ‘இன்றும் கோபப்பட்டார்’ என்று எழுதினால் பயனில்லை. ‘அடுப்பில் பால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார், பாத்திரம் கருகியது’, ‘டானிங்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுப் போன் செய்தார்’, ‘மகள் சத்தமாகப் படித்ததற்குத் தட்டை வீசினார்’ என்று எழுதுங்கள். நன்றாக இருந்த நாளையும் எழுதுங்கள்; கெட்டது மட்டுமே நிறைந்த நோட்டை நீதிபதி நம்பமாட்டார். மாதந்தோறும் மருத்துவரிடம் போகும்போது இவற்றைச் சொல்லி, அவர் தன் சீட்டில் எழுதும்படி கேளுங்கள். உங்கள் நோட்டைவிட மருத்துவர் கையெழுத்துக்கு எடை அதிகம். அவர் கோபத்தில் கத்துவதைச் செல்போனில் படம் எடுக்கும்படி சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் படம் யார் கைக்கெல்லாம் போகும் என்று தெரியாது. அவர் தேறி வந்த பிறகும் அது இருக்கும்.

விபத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதற்கும் ஆள் வேண்டும். டாக்ஸி ஸ்டாண்டில் கூட ஓட்டியவர்கள், தொடர்ந்து அவரையே அழைத்த விடுதிக்காரர், கடன் தவணை தவறாமல் கட்டியதைக் காட்டும் வங்கிக் கணக்கு எல்லாம் அதற்கு உதவும். சவாரிப் பணம் கூகுள் பே மூலம் வந்திருந்தால் அந்தக் கணக்கு வருமானத்துக்கே ஆதாரம். சிறு தேயிலை விவசாயியாக இருந்தால் தொழிற்சாலை தரும் பச்சைத் தேயிலை பில்களை இதற்குப் பயன்படுத்துவோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர் வீடு தேடி வருவார். நல்ல மனிதராகவே இருப்பார், நலம் விசாரிப்பார், கடைசியில் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்பார். தண்ணீர் கொடுங்கள், கையெழுத்து கொடுக்காதீர்கள். ஊர்த் திருவிழாவில் சிரித்தபடி நிற்கும் படத்தை உறவினர் முகநூலில் போட்டுவைப்பதும் குறுக்கு விசாரணையில் வந்து நிற்கும்.

கெடுவைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் உட்கார வேண்டாம். மூன்று மாதம் போய்விட்டது. ஆனால் மூளைக் காயம் எங்கே வந்து நிலைகொள்ளும் என்பது ஆறு மாதத்தில் தெரியாது; ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம் ஆகும். ஆகவே மனுவைச் சீக்கிரம் போடுங்கள், முடிப்பதில் அவசரம் காட்டாதீர்கள். நிரந்தர ஊனம் எவ்வளவு என்ற மருத்துவ வாரியப் பரிசோதனையை அவர் நிலை மாறாமல் நிற்கும் கட்டத்தில் கேட்கலாம். இடையில் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று அழைப்பு வரும். கால் முறிவு வழக்குக்கு அது நல்ல இடம். அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், தலைக்காய வழக்கை முதல் வருடத்தில் அங்கே முடிப்பதை நான் விரும்புவதில்லை.

மனுவை ஊட்டியிலேயே போடலாம். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம் இரண்டுமே இந்த மாவட்டம்தான். கார் எந்த மாநிலத்துப் பதிவெண்ணாக இருந்தாலும் நீங்கள் அங்கே போய் அலைய வேண்டியதில்லை.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால் 75,000 ரூபாய் எவ்வளவு சின்னது என்பது புரியும். மாத வருமானம் 18,000 என்று தீர்ப்பாயம் ஏற்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குள் உள்ள சுயதொழிலாளிக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள், 25,200 ஆகிறது. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதை வயதை வைத்து முடிவு செய்வார்கள்; 36 முதல் 40 வயதுக்கான அந்தப் பெருக்கெண் 15. வருடத்துக்கு 3,02,400 வீதம் 15-ஆல் பெருக்கினால் 45,36,000. இது உழைக்கும் திறன் முழுவதும் போனால். மருத்துவ வாரியம் 30 சதவீதம் என்று சான்று தந்து, தீர்ப்பாயமும் அதையே எடுத்துக்கொண்டால் 13,60,800. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட தொகைதான் வழக்கின் உயிர். 2010-இல் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், உடல் ஊனத்தின் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பின் சதவீதமாகக் கொள்ளக் கூடாது, அந்த ஊனத்தால் அந்த மனிதரின் தொழில் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்றது. வலிப்பு உள்ளவர், கவனம் சிதறுபவர், கல்லாட்டி வளைவுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்ட முடியுமா? ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவருக்கு 30 சதவீத மூளைச் சேதம் நூறு சதவீதப் பிழைப்பு இழப்பாக முடியலாம். இதைச் சொல்ல மருத்துவர் தீர்ப்பாயத்தில் சாட்சிக் கூண்டு ஏற வேண்டும். சான்றிதழை மட்டும் தாக்கல் செய்துவிட்டு அமர்வது போதாது.

கூட இருந்து பார்த்துக்கொள்வதற்கும் பணம் உண்டு. 2020-இல் காஜல் என்ற சிறுமியின் வழக்கில், 12 வயதில் தலையில் பட்ட அடியால் ஒன்பது மாதக் குழந்தையின் நிலைக்குப் போய்விட்ட அவளுக்கு இரண்டு உதவியாளர் செலவை மாதம் பத்தாயிரமாகக் கொண்டு, அதையும் 18 என்ற பெருக்கெண்ணால் பெருக்கி 21,60,000 ரூபாய் அந்த வகைக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் வழங்கியது. உங்கள் கணவர் நிலை அவ்வளவு கடுமையானது இல்லை. ஆனால் நீங்கள் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவராக இருந்தால், அந்த இழப்பையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பு இரண்டு கேள்வி கேட்கும். ஹெல்மெட் போட்டிருந்தாரா? இல்லையென்றால் மறைக்காதீர்கள், தலைக்காயம் என்பதால் தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கக் கேட்பார்கள், வழக்கே போய்விடாது. வளைவில் யார் தவறு? இரண்டு வண்டி தாராளமாகக் கடக்க அகலம் இல்லாத மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்ட விதி. உங்கள் கணவர் ஏற்றத்தில் வந்தவர். இறங்கும்போது இரண்டாம் கியரில் வரச்சொல்லி எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. சமவெளியிலிருந்து வருபவர்கள் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள்; வாகன ஆய்வாளர் அறிக்கையில் பிரேக் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கவனமாகப் பாருங்கள். மூடுபனி இருந்தது என்ற சாக்கும் வரும். பனி இருந்தால் மெதுவாக வரவேண்டியது ஓட்டுபவர் பொறுப்பு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு இடைக்குறிப்பு. மோதிய வண்டி இல்லாமல் தானாகச் சறுக்கி விழுந்தவருக்கு இந்த வழி திறக்காது. பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கேரட் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் பிக்அப் வண்டியில் ஆட்களை அடைத்து ஏற்றிப்போவது இங்கே அன்றாடக் காட்சி. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்பது பல வருடங்களாக நிலைத்த சட்டம். அவர் அந்த வண்டியின் சுமைதூக்கும் தொழிலாளியா, சரக்கின் உரிமையாளரா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். உண்மையில் என்னவாக ஏறினாரோ அதை முதல் நாளே காவல் நிலையத்தில் சரியாகச் சொல்லுங்கள்.

வழக்கறிஞர் விஷயம். மருத்துவமனை வாசலில் தானாக வந்து கார்டு நீட்டுபவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். வழக்குப் பிடிக்க அலைவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வதும் விதிப்படி கூடாது. நடைமுறையில் நடக்கிறது, என் தொழிலுக்கு அது பெருமை தரும் செய்தி இல்லை. ஒரு தொகை பேசி, எழுதி வாங்குங்கள். வெற்றுக் காகிதத்திலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வேண்டாம். தலைக்காய வழக்கில் நரம்பியல் மருத்துவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்த அனுபவம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கோபித்துக்கொள்பவர் உங்களுக்குத் தேவையில்லை. செலவுக்கு வழியில்லையென்றால் ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலேயே இலவச வழக்கறிஞர் உண்டு.

அவர் தன் காரியங்களைத் தானே முடிவு செய்ய முடியாத நிலையில் இருக்கிறார் என்று மருத்துவர் எழுதினால், அவருக்காக நீங்கள் ‘நெக்ஸ்ட் ஃபிரண்ட்’ என்ற நிலையில் மனு போடலாம். அவ்வளவு மோசமில்லையென்றால் அவர் பெயரிலேயே போடுங்கள். தேவையில்லாமல் அவரை ஒதுக்கிவைத்தால் வழக்கின் மீதும் உங்கள் மீதும் சந்தேகப்படத் தொடங்குவார். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். முதல் அரை மணி நேரம் அவர் தன் வாயால் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே திருத்த வேண்டாம். எதை மறக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்பதை அந்த வழக்கறிஞர் நேரில் பார்க்க வேண்டும். பிறகு அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு உங்கள் நோட்டைக் கொடுங்கள். தீர்ப்புக்குப் பின் பணம் நேராக அவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரவேண்டும். பெரும்பகுதியை வைப்புத்தொகையாகப் போட்டு மாத வட்டி வரும்படி உத்தரவிட முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூளைக் காயத்துக்குப் பின் கையில் மொத்தமாகப் பணம் வந்தவர் அதை இரண்டு மாதத்தில் கரைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.